நான் செத்துட்டேன், அவன் செத்துட்டான்

கைபேசியிலோ கணினியிலோ ஆடிக்கொண்டிருக்கும் இளைஞன் ஒருவன் ஒரே மாலையில் பலமுறை சொல்லும் வாக்கியம் ‘நான் செத்துட்டேன்’. சொல்பவன் உயிரோடுதான் இருக்கிறான். அருகில் இருப்பவர்களுக்கும் அதில் குழப்பமில்லை. சுடப்பட்டு விழுந்தது திரையிலுள்ள ஓர் உருவம். அந்த உருவத்துக்குத் தனிப் பெயர் இருக்கலாம், ஊரும் குடும்பமும் இருக்கலாம், குரல் கொடுத்த நடிகரும் இருக்கலாம். ஆனாலும் ஆடுபவன் அதன் பெயரைச் சொல்லி அது செத்ததாகக் கூறுவதில்லை. சதுரங்கம் ஆடுபவர் ‘என் குதிரை போச்சு’ என்பார்; குதிரை அவருடைய உடைமை, அவரல்ல. வீடியோ கேமிலோ, படர்க்கையில் நிற்க வேண்டிய ஓர் உருவம் தன்மைக்கு இடம் மாறிவிடுகிறது.

அதே கதை தொலைக்காட்சித் தொடராக வரும்போது, அதே இளைஞன் அதே உருவம் விழுவதைப் பார்த்து ‘அவன் செத்துட்டான்’ என்கிறான். வினைமுற்றின் ஈறு மட்டுமே மாறியிருக்கிறது: ‘ஏன்’ இருந்த இடத்தில் ‘ஆன்’. தமிழ் இலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூன்றையும் ‘இடம்’ என்ற சொல்லால் குறிப்பது இங்கே மிகவும் பொருந்துகிறது. ஆட்டக்காரர் நூற்றுக்கணக்கான மணி நேரம் அமர்ந்திருந்த ஓர் இடத்திலிருந்து எழுப்பப்பட்டு, பார்வையாளர் இருக்கையில் அமர்த்தப்படுகிறார். வீடியோ கேம்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள் ஆட்டக்காரர்களைக் கவர முடியுமா என்ற கேள்வியை இந்த இடமாற்றத்திலிருந்து தொடங்கினால், சில தொடர்கள் கொண்டாடப்பட்டதற்கும் சில வெறுக்கப்பட்டதற்கும் ஓரளவு தெளிவான காரணம் கிடைக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வேறு. எடுப்பவர்களுக்கு ஆட்டம் தெரியாது, அதனால் கெடுத்துவிடுகிறார்கள் என்பது ஆட்டக்காரர்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. அதற்கு நியாயமும் உண்டு. 1993இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ திரைப்படம், காளான்களும் குழாய்களும் நிறைந்த வண்ணமயமான ஓர் உலகை இருண்ட நகரமாக்கி, மூலத்தோடு பெயரளவில் மட்டும் உறவு வைத்துக்கொண்டு, வசூலிலும் தோற்றது. அதன்பின் நெடுங்காலம், வீடியோ கேமிலிருந்து எடுக்கப்பட்ட படம் என்றாலோ தொடர் என்றாலோ ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பதே வழக்கமாயிற்று. மூலத்துக்கு உண்மையாக இருங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை.

அந்தக் கோரிக்கை பெருமளவு நிறைவேறிய தொடர் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’. நாட்டி டாக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆட்டத்தை எச்பிஓ 2023 ஜனவரியில் தொடராக வெளியிடத் தொடங்கியது. ‘செர்னோபில்’ தொடரை உருவாக்கிய கிரெய்க் மேசினுடன், ஆட்டத்தின் கதையை எழுதிய நீல் டிரக்மனே சேர்ந்து பணியாற்றினார். சில காட்சிகளில் உரையாடல் ஏறத்தாழ ஆட்டத்தில் உள்ளபடியே இருந்தது. ஆட்டத்துக்கு இசையமைத்த குஸ்தாவோ சாந்தாவோலாயாவின் இசையே தொடருக்கும் அமைந்தது. மூலத்துக்கு உண்மையாக இருப்பதுதான் அளவுகோல் என்றால் இதைவிட அதிகம் கேட்க இயலாது. ஆயினும் அந்த உண்மையால் ஈடுகட்ட முடியாத இழப்பு எது என்பது இத்தொடரில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

கதையின் முடிவை எடுத்துக்கொள்ளலாம். மனித மூளையைத் தாக்கும் பூஞ்சை நோயால் உலகம் சிதைந்து கிடக்கிறது. எல்லி என்ற சிறுமியை மட்டும் அந்நோய் வீழ்த்துவதில்லை. அவளை நெடுந்தொலைவு கடந்து அழைத்துவரும் ஜோயல், மகளை இழந்தவன். மெல்ல மெல்ல எல்லியையே மகளாகக் கருதத் தொடங்குகிறான். மருந்து கண்டறிய அவள் மூளையைத் திறந்தாக வேண்டும், அவள் பிழைக்கமாட்டாள் என்று தெரிந்ததும், மருத்துவமனையில் இருப்பவர்களைச் சுட்டு வீழ்த்தி அவளைத் தூக்கிச் செல்கிறான். தொடரில் இக்காட்சி அருமையாக எடுக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கி ஓசை அமுங்கி, துயரமான இசை மேலெழுகிறது. பார்வையாளர் ஜோயலைக் கண்டு அஞ்சுகிறார், அவனுக்காக இரங்குகிறார், தம் மனத்துக்குள் ஒரு தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்.

ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. அறுவை அரங்கில் மருத்துவர் ஒருவர் சிறு கத்தியை ஏந்தி வழிமறிக்கிறார். ஆடுபவர் எவ்வளவு நேரம் தயங்கி நின்றாலும் கதை காத்திருக்கும். பொத்தானை அழுத்தி அவரைக் கொன்றால்தான் மேலே நகரும். ‘ஜோயல் செய்தது சரியா?’ என்பது தொடரைப் பார்த்தவரின் கேள்வி. ‘நான் ஏன் அதைச் செய்தேன்?’ என்பது ஆடியவரின் கேள்வி. முதல் கேள்வியைத் தேநீர்க் கடையில் வைத்து விவாதிக்கலாம். இரண்டாவதை எழுப்பிக்கொள்ளும்போது மனம் சற்றே கூசும். ஒரே காட்சி, ஒரே முடிவு; வினையின் எழுவாய் மட்டும் வேறு. எவ்வளவு உண்மையாகப் படியெடுத்தாலும் தொலைக்காட்சியால் இந்த எழுவாயைப் படியெடுக்க முடிவதில்லை.

அப்படியானால் தொடர் என்பது ஆட்டத்தின் மங்கலான நிழல்தானா? அதே தொடரின் மூன்றாம் பகுதி வேறு விடை தருகிறது. ஆட்டத்தில் பில் என்பவன் ஆளற்ற ஊரில் கண்ணிகள் வைத்துத் தனித்து வாழ்பவன். ஜோயலுக்கு ஒரு வண்டி கிடைக்க உதவுகிறான். அவனோடு வாழ்ந்து பிரிந்துபோன ஃபிராங்க் தூக்கிட்டு இறந்து கிடக்கிறான். பில்லை வெறுத்ததாக ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறான். ஆட்டக்காரருக்கு அது வழியில் கண்டெடுக்கும் ஒரு துண்டுக் காகிதம். தொடர் அந்தக் காகிதத்திலிருந்து தொடங்கி, அதன் முடிவையே மாற்றி, இரண்டு ஆண்கள் பல்லாண்டுகள் சேர்ந்து வாழ்ந்து முதுமை எய்தும் காதல் கதையை ஒரு மணி நேரத்துக்கு மேல் விரித்தது. துப்பாக்கியைப் பண்டமாற்றாகக் கொடுத்து வாங்கிய விதையில் விளைந்த ஸ்ட்ராபெரியைக் கடித்ததும் பில் தன்னை மறந்து சிரிக்கிறான். அக்காட்சியில் அழுத்தப் பொத்தான் இல்லை, வெல்ல எதிரி இல்லை.

பில்லுக்கும் எல்லிக்கும் ஆட்டத்தில் நடக்கும் சொற்போர் தொடரில் இல்லாமல் போனதே என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் ஆட்டத்தை நன்கறிந்த பலரும் மனமாரப் போற்றிய பகுதி இதுதான். பில்லாக நடித்த நிக் ஆஃபர்மனுக்கு எம்மி விருதும் கிடைத்தது. மூலத்தை இத்தனை மீறிய ஒன்றை, மூலத்தின்மீது இத்தனை பற்றுள்ளவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? ஃபிராங்காக யாரும் ஆடியதில்லை. பில்லாகவும் யாரும் ஆடியதில்லை. ஆட்டத்தில் அவர்கள் தொடக்கத்திலிருந்தே ‘அவர்கள்’தான். தொடர் அவர்களைப் பற்றிப் பேசியபோது, ஆட்டக்காரர் எவரும் தம் இடத்திலிருந்து எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ‘ஹேலோ’. 2001இல் தொடங்கிய அந்த ஆட்ட வரிசையின் நாயகன் மாஸ்டர் சீஃப், பச்சைக் கவசமும் முகம் மறைக்கும் தலைக்கவசமும் அணிந்த படைவீரன். முதல் ஆட்டத்தின் முடிவில் அவன் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுகூட முகம் பார்வைக்குக் கிட்டுவதில்லை. பேச்சும் மிகக் குறைவு. அந்த மறைப்பு தற்செயலானதன்று. கண்ணாடி போன்ற அந்த முகமூடிக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆடுகிற ஒவ்வொருவரும் தாமே இருந்தனர். 2022 மார்ச்சில் பாரமவுண்ட் பிளஸில் வெளியான தொடர், முதல் பகுதியிலேயே அவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டது. உள்ளே பாப்லோ ஷ்ரைபர் என்ற திறமையான நடிகர் இருந்தார். ஆட்டக்காரர்களின் சினத்தைப் பலர் சிறுபிள்ளைத்தனம் என்றனர். ஆனால் இருபதாண்டுகளாக ‘நான்’ என்று எண்ணியிருந்த கவசத்துக்குள் இன்னொருவர் முகத்தைக் காண்பது எளிதில் செரிக்கக்கூடியதன்று. இரண்டு சீசன்களோடு, 2024இல் அத்தொடர் நிறுத்தப்பட்டது. அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. என்றாலும் தொடக்கத்திலேயே ஏற்பட்ட விரிசல் இது.

தொலைக்காட்சிக்கு நடிகரின் முகம் வேண்டாமா என்பது தயாரிப்பாளர் தரப்பின் நியாயமான மறுப்பு. பல மணி நேரம் ஒரு தலைக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படி? இதற்கு 2019இலேயே ஒரு விடை கிடைத்திருந்தது. ‘தி மாண்டலோரியன்’ தொடரின் நாயகன் மிக அரிதாகவே முகத்தைக் காட்டினான். உலகமெங்கும் மக்கள் அவனைத் தொடர்ந்து பார்த்தார்கள். அந்தக் கவசத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்த பெட்ரோ பாஸ்கல்தான் பின்னர் ஜோயலாகவும் நடித்தார்.

நாயகனின் இருக்கையில் யாரையும் அமர்த்தாமலே அந்த ஆட்டத்தின் உலகத்துக்குள் கதை சொல்ல முடியும் என்பதற்கு ‘ஃபால்அவுட்’ சிறந்த சான்று. 1997இல் தொடங்கிய இந்த ஆட்ட வரிசையில் நாயகனுக்கு நிலையான முகமோ பெயரோ கிடையாது. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி ஓர் ஆளை உருவாக்கிக்கொண்டு, அணுகுண்டுகளால் அழிந்த அமெரிக்காவில் அலையலாம். 2024 ஏப்ரலில் அமேசான் பிரைம் வீடியோவில் வந்த தொடர், அந்த ஆட்கள் ஒருவரையும் தொடவில்லை. லூசி, மாக்சிமஸ், கூல் என்று மூன்று புதியவர்களை உருவாக்கி, பழக்கமான அதே நிலப்பரப்பில் நடக்கவிட்டது. ஆட்டக்காரர்களுக்கோ அம்மூவரின் நடை நன்கு பழகியது: எல்லோருக்கும் நல்லது செய்ய முனையும் முதல்முறை ஆட்டக்காரர், வலிமையான கவசம் கிடைத்தால் போதும் என்பவர், எல்லாவற்றையும் பார்த்துச் சலித்து இரக்கமில்லாமல் சுடுபவர்.

அத்தொடரில் கூல், லூசிக்கு அந்தப் பாழ்நிலத்தின் பொன்விதி ஒன்றைச் சொல்கிறான்: எந்த நோக்கத்தோடு கிளம்பினாலும் உதவாத வேறு வேலைகள் குறுக்கிட்டு ஒவ்வொரு முறையும் திசை திருப்பிவிடும் என்பது அதன் சாரம். ஆட்டம் தெரியாதவருக்கு அது கசப்பான வாழ்க்கை அனுபவமாக ஒலிக்கும். ஆடியவருக்கோ தம் வரலாறே நினைவுக்கு வரும். காணாமற்போன தந்தையைத் தேடிக் கிளம்பியவர், யாரோ ஒருவருக்குப் பழைய பொருள் தேடிக் கொடுப்பதிலும் வீடு கட்டுவதிலும் நாற்பது மணி நேரத்தைச் செலவிட்ட வரலாறு அது. ஒரே வாக்கியம் இரண்டு வகையினரிடமும் பேசுகிறது. எவரையும் வெளியே நிறுத்தவில்லை.

இத்தொடரிலும் ஒரு பூசல் எழுந்தது. ஒரு காட்சியில் வரும் கரும்பலகையில், ஷேடி சாண்ட்ஸ் என்ற நகரின் வீழ்ச்சி 2277 என்று எழுதப்பட்டிருந்தது. 2010இல் வெளிவந்த ‘நியூ வேகஸ்’ ஆட்டத்தின் கதை 2281இல் நடப்பது. அதில் அந்நகரை உள்ளடக்கிய குடியரசு இன்னும் வலுவாகவே இருக்கிறது. அப்படியானால் அந்த ஆட்டமே நிகழவில்லையா என்று ஆட்டக்காரர்கள் கொதித்தனர். குண்டு விழுந்தது ‘நியூ வேகஸ்’ நிகழ்வுகளுக்குச் சற்றுப் பின்னர்தான் என்று ஆட்டத்தை உருவாக்குபவர்கள் விளக்கம் தர வேண்டியதாயிற்று. இல்லாத ஒரு நகரம் எந்த ஆண்டு அழிந்தது என்பதற்காக இத்தனை சண்டையா என்று வெளியிலிருப்பவர் சிரிக்கலாம். ஆனால் ‘நீ அங்கே செய்தது எதுவும் நடக்கவே இல்லை’ என்று சொல்லப்பட்டதாகத்தான் ஆட்டக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கல்லூரி நாட்களின் இரவுகளை அந்தப் பாலைவனத்தில் கழித்த ஒருவருக்கு அது கற்பனை ஊரின் வரலாறு மட்டுமன்று, தம் சொந்த நினைவும்கூட.

‘ஆர்கேன்’ தொடரின் வெற்றியையும் இவ்வழியிலேயே விளங்கிக்கொள்ளலாம். ரயட் கேம்ஸ் 2009இல் வெளியிட்ட ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’, ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் ஆட்டம். அதன் மாந்தர்கள் போரிடும்போது சில வரிகள் முழங்குவார்கள். அவர்களுடைய முன்கதை ஆட்டத்துக்கு வெளியே சிறு குறிப்புகளாகவே இருந்தது. பாரிஸ் நகரின் ஃபோர்டிஷ் நிறுவனம் 2021 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக அளித்த தொடர், வை, ஜிங்க்ஸ் என்ற இரு மாந்தரைச் சகோதரிகளாகக் காட்டி, அவர்கள் எப்படிப் பிரிந்தார்கள் என்று சொன்னது. ஆட்டக்காரர்கள் பல்லாயிரம் முறை கேட்ட முழக்கங்களுக்குப் பின்னால் ஒரு குழந்தைப் பருவம் முளைத்தது. ஆட்டத்தைத் தொட்டே பார்க்காதவர்களும் அதை விரும்பினார்கள்.

‘சைபர்பங்க் 2077’ ஆட்டத்தின் கதை இன்னும் வியப்பானது. 2020 டிசம்பரில் பிழைகள் மலிந்த நிலையில் வெளியாகி, சோனியின் இணையக் கடையிலிருந்து ஏறத்தாழ அரையாண்டு நீக்கப்பட்டு, பெயர் கெட்டுக் கிடந்த ஆட்டம் அது. 2022 செப்டம்பரில் ஜப்பானின் டிரிகர் நிறுவனம் உருவாக்கிய ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ என்ற இயங்குபடத் தொடர் வந்தது. அதே நகரம், ஆனால் டேவிட் என்ற புதிய இளைஞனின் வீழ்ச்சிக் கதை. தொடரைப் பார்த்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். டேவிட் அணிந்திருந்த மஞ்சள் மேலாடை ஆட்டத்துக்குள்ளும் கிடைத்தது. ஆட்டக்காரர் அதை அணிந்துகொண்டு, அவன் நடந்த தெருக்களில் தாம் நடக்கலாம். படர்க்கையில் பார்த்த துயரத்தைத் தன்மையில் சுமந்து செல்ல ஒரு வழி அங்கே அமைந்திருந்தது.

இடமாற்றம்தான் சிக்கல் என்றால், பார்வையாளர் கையிலேயே ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நெட்ஃபிளிக்ஸ் அதையும் செய்து பார்த்தது. 2018 டிசம்பரில் வந்த ‘பிளாக் மிரர்: பாண்டர்ஸ்நாட்ச்’, 1984இல் வீடியோ கேம் ஒன்றை உருவாக்கும் இளைஞனைப் பற்றியது. காலையில் எந்தச் சிற்றுண்டி உண்பது என்பதில் தொடங்கி, அவன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்பவரே தேர்ந்தெடுக்க முடிந்தது. புதுமைதான், ஆனால் ஆட்டம் ஆடிய நிறைவை அது தரவில்லை. ஆட்டத்தில் ‘நான்’ பிறப்பது தேர்வினால் மட்டுமன்று. ஒரே பள்ளத்தில் முப்பது முறை விழுந்து, முப்பத்தொன்றாவது முறை விரல்கள் தாமாகவே தாண்டக் கற்கும்போதுதான் திரையிலுள்ள உடல் ஆடுபவரின் உடலாகிறது. அந்தத் தோல்விகளுக்குக் குறுக்குவழி இல்லை.

விந்தை என்னவென்றால், பொத்தான் எதுவும் இல்லாமலே அந்தத் தோல்வியின் தாளத்தைப் பிடித்த படைப்புகள் உண்டு. 2019இல் வந்த ‘ரஷ்யன் டால்’ தொடரின் நாயகி வீடியோ கேம்களுக்கு நிரல் எழுதுபவள். இறந்து இறந்து ஒரே இரவுக்குத் திரும்புகிறாள், ஒவ்வொரு முறையும் சிறிது கற்றுக்கொள்கிறாள். அதே ஆண்டில் அஸ்வின் சரவணன் இயக்கத்தில் டாப்ஸி நடித்துத் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த ‘கேம் ஓவர்’, திரைப்படமே ஆயினும், இங்கே நினைவுகூரத் தக்கது. ஆட்ட வடிவமைப்பாளரான ஒரு பெண்ணின் வீட்டுக்குள் கொலையாளிகள் நுழைகிறார்கள். ஆட்டங்களில் வரும் ‘உயிர்’ கணக்கையே இயக்குநர் திரைக்கதையின் சட்டகமாக்கினார். எந்த ஆட்டத்தின் பெயரையும் வாங்கி ஒட்டாமல், ஆட்டக்காரரின் உடலறிவைத் தொட்ட படம் அது.

இதுவரை சொன்னவை ஆட்டங்களைப் பற்றியவை. ஆட்டக்காரர்களைப் பற்றிய தொடர்களில் சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்கிறது இலக்கணம். ஆட்டக்காரர்களுக்கு அது ஏராளம்: நூப், லேக், கேம்ப் அடிப்பது, ரிவைவ் பண்ணுவது. குழூஉக்குறியின் இயல்பு, வெளியாளை உடனே காட்டிக்கொடுப்பது. 2015 பிப்ரவரியில் ‘லா அண்ட் ஆர்டர்: எஸ்வியூ’ தொடரின் ஒரு பகுதி, பெண் ஆட்ட வடிவமைப்பாளர்கள்மீது உண்மையாகவே நிகழ்ந்துவந்த வன்மத்தைக் கையிலெடுத்தது. கருப்பொருள் கனமானது. ஆனால் ஆட்டச் சொற்களை இடமறியாமல் வசனங்களில் தூவியதால், அச்சமூட்ட வேண்டிய காட்சி கேலிக்கு இலக்காயிற்று. சொல் பிசகியதால் உண்மையான ஒரு வலி பற்றிய பேச்சும் பிசகியது.

ஒன்பதாண்டுகளுக்கு முன்பே, 2006 அக்டோபரில், ‘சவுத் பார்க்’ தன் ஒரு பகுதியில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டக்காரர்களை இரக்கமின்றிப் பகடி செய்தது. நான்கு சிறுவர்கள் வாரக்கணக்கில் காட்டுப்பன்றிகளைக் கொன்று கொன்று வலிமை சேர்க்கிறார்கள். உடல் பருத்து, முகத்தில் பருக்கள் பொங்குகின்றன. ஆட்டக்காரர்கள் கோபிக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆட்டத்தை உருவாக்கிய பிளிசார்டின் உதவியோடு ஆட்டத்துக்குள்ளேயே பல காட்சிகள் எடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பகுதி எம்மி விருதும் பெற்றது. 2007இல் தன் சொந்த அனுபவத்திலிருந்து ஃபெலிசியா டே எழுதிய ‘தி கில்டு’ என்ற இணையத் தொடரும் ஆட்டக்காரர்களின் அசட்டுத்தனத்தைத்தான் காட்டியது. ஆறு சீசன்கள் ஓடியது. கேலி செய்யப்படுவதை ஆட்டக்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அறியாதவர் வந்து பரிவு காட்டுவதைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ ஒன்று. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ மற்றொன்று. பன்றி வேட்டையைப் பற்றிச் சிரித்த சவுத் பார்க் ‘நாம்’ என்று பேசியது. காவல் துறைத் தொடர் ‘அவர்கள்’ என்று பேசியது. குழூஉக்குறிகளை அடுக்கி, புரிந்தவருக்கு மட்டும் புரியட்டும் என்று எடுக்கப்படும் தொடர்கள் ‘நாங்கள்’ என்று பேசுகின்றன. அவை ஆட்டக்காரர்களுக்கேகூட விரைவில் சலித்துவிடுகின்றன.

பார்ப்பது ஆட்டக்காரர்களுக்கு அந்நியமான செயல் என்ற எண்ணமும் தவறு. வீட்டில் ஒரே கருவி இருந்தால் அண்ணன் ஆடுவான், தம்பி பார்ப்பான். பிரவுசிங் சென்டர்களில் ஒருவன் ஆட நால்வர் பின்னால் நின்றார்கள். இந்தப் பின்னால் நிற்கும் இன்பத்தைத் தொலைக்காட்சி வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது. அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய ‘ஸ்டார்கேட்’ ஆர்கேட் ஆட்டங்களையே போட்டியாக்கியது. பிரிட்டனின் சேனல் 4இல் 1992 முதல் 1998 வரை வந்த ‘கேம்ஸ்மாஸ்டர்’ நிகழ்ச்சியில், புகழ்பெற்ற வானியலாளர் பேட்ரிக் மூர் திரையில் தலை மட்டும் தோன்றி, தடுமாறும் பிள்ளைகளுக்கு உத்திகள் சொன்னார். தென்கொரியாவில் ‘ஸ்டார்கிராஃப்ட்’ போட்டிகளுக்கென்றே அலைவரிசைகள் இயங்கின. ஜப்பானில் 2003 முதல் ஒளிபரப்பாகும் ‘கேம் சென்டர் சிஎக்ஸ்’ நிகழ்ச்சியில் அரினோ ஷின்யா என்ற நகைச்சுவையாளர், அலுவலக ஊழியரின் உடையில் அமர்ந்து, பழைய ஆட்டம் ஒன்றை முடிக்கப் பல மணி நேரம் போராடுகிறார். அவர் பெரும் திறமைசாலி இல்லை; அடிக்கடி தோற்கிறார். அவர் தோற்கும் ஒவ்வொரு முறையும் பார்ப்பவரின் விரல்கள் துடிக்கின்றன. கிரிக்கெட் பார்ப்பவர் ‘நாம ஜெயிச்சுட்டோம்’ என்பதுபோல, தொலைக்காட்சியின் முன் அமர்ந்தபடியே ‘நாம்’ என்று சொல்ல இங்கே இடமிருக்கிறது.

இந்தியத் தொலைக்காட்சியில் ஆட்டக்காரர் பெரும்பாலும் தோன்றுவது தொடர்களில் அல்ல, செய்திகளில். 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில், தடையை மீறிப் பப்ஜி ஆடியதற்காக இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளுள் பப்ஜியும் ஒன்று. தமிழ்ச் செய்திகளில் ‘ஆன்லைன் விளையாட்டு’ என்ற ஒரே தொடர், குடும்பங்களைக் கடனில் தள்ளும் சீட்டாட்டச் சூதையும் பணமே புழங்காத ஆட்டங்களையும் ஒருங்கே குறிக்கிறது. ‘விளையாட்டு’ என்ற சொல்லுக்கே தமிழில் ‘பொறுப்பில்லாதது’ என்ற நிழல் உண்டு: விளையாட்டுப் பிள்ளை, விளையாட்டாகச் சொன்னது, விளையாட்டு வினையாகும். இத்தனை நிழல்களுக்கு நடுவில், தன் இளமையின் கணிசமான நேரத்தை ஆட்டங்களில் செலவிட்ட ஒருவர் அந்நேரத்தைப் பற்றி வீட்டில் பேசுவதற்குச் சொல் கிடைப்பதில்லை. வீணாக்கியது என்று ஒப்புக்கொள்ளலாம், அல்லது வாயை மூடிக்கொள்ளலாம்.

நல்ல தொடரின் பயன் இங்கேதான். பத்தாண்டுகளாக மகன் அறைக்கதவுக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அறியாத ஒரு தாய், ஜோயலும் எல்லியும் நடப்பதை அவனோடு அமர்ந்து பார்க்கலாம். மருத்துவமனைக் காட்சியில் அவர் காண்பது ‘அவன்’ செய்த கொலை. மகனுக்கு அது ‘நான்’ செய்தது. அந்த வேறுபாட்டை எந்தத் தொடராலும் அழிக்க முடியாது. அதைப் பற்றிப் பேச்சைத் தொடங்கிவைக்க ஒரு நல்ல தொடரால் முடியும்.

ஆகவே, தொடர்கள் ஆட்டக்காரர்களைக் கவரும். நாயகனின் இருக்கையைப் பறிக்காமல் அந்த உலகின் மற்றவர்களைப் பற்றிப் பேசுபவை கவரும். தோற்று மீளும் தாளத்தை அறிந்தவை கவரும். ஆட்டக்காரரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ‘நாம்’ என்று சிரிப்பவை கவரும். தமிழில் அப்படியொரு தொடர் என்றேனும் வரக்கூடும். அதை எழுதப்போகிறவர் உளவியல் நிபுணரின் எச்சரிக்கைகளையும் வசூல் கணக்குகளையும் பிறகு படித்துக்கொள்ளட்டும். முதலில் ஏதேனும் ஓர் ஆட்டத்தை எடுத்து ஒரு மாதம் ஆடட்டும், நூறு முறை தோற்கட்டும். பக்கத்தில் ஆடத் தெரிந்த ஒரு பள்ளிச் சிறுவனை அமர்த்திக்கொள்ளட்டும். அவன் சிரித்துக்கொண்டே சொல்லித் தருவான்.